எண்ட் ஃபெட் வயர் அன்ரெனா கட்டுறது: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகள்

அமெச்சூர் ரேடியோவுக்கு எண்ட் ஃபெட் வயர் அன்ரெனா கட்டுறது எப்பிடி எண்டு கல்லடியில இருந்து ஒரு தம்பி கேப்பார், அடுத்த கிழமை கல்முனையில இருந்து ஒரு நானா அதையே கேப்பார், பொறகு களுவாஞ்சிகுடியில இருந்து இன்னொருத்தர். எல்லாருக்கும் போன்ல துண்டு துண்டா சொல்லிச் சொல்லி வந்தத இப்ப ஒரே இடத்தில எழுதி வைக்கிறன். கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கன். மேல இருந்து வாசிச்சிக்கொண்டு வந்தா நல்லம், ஏனெண்டா கீழ இருக்கிற பதில்கள் மேல சொன்னதில நிண்டுதான் போகும்.

எண்ட் ஃபெட் எண்டா என்ன அண்ணன், டைபோலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

டைபோல்ல கேபிள் வயர்ட நடுவில வந்து சேரும். அப்ப நடுவையும் தூக்கணும், ரெண்டு முனையையும் கட்டணும், கேபிள்ட பாரமும் நடுவில தொங்கும். எண்ட் ஃபெட்ல கேபிள் ஒரு முனையில சேருது, அந்த முனை வீட்டுக் கிட்ட, மற்ற முனை தூர மரத்தில. நம்மட வளவுகள்ல வீடு ஒரு மூலையில, மரம் இன்னொரு மூலையில எண்டுதான் கனக்க இருக்கும், அதுக்கு இது அளவெடுத்துத் தைச்ச மாதிரி.

வயர் அரை அலை நீளம் இருந்தா அதிட முனையில வோல்டேஜ் கூட, கரண்ட் குறைய. அதால அந்த இடத்தில இம்பீடன்ஸ் (கரண்டுக்கு இருக்கிற தடை) 2500 ஓம்ஸ், 3000 ஓம்ஸ் எண்டு நிக்கும். ரேடியோவும் கேபிளும் 50 ஓம்ஸ். இந்த ரெண்டையும் பொருத்துறதுக்குத்தான் நடுவில ஒரு ட்ரான்ஸ்போமர் பெட்டி வருது. 50ஐ 49ஆல பெருக்கினா 2450, அதுதான் 49:1 எண்ட பேர்ட கதை.

லைசென்ஸ் இன்னும் எடுக்கல்ல, அன்ரெனாவ முதல்ல கட்டி வைக்கலாமா?

லைசென்ஸ் கையில வரும் மட்டும் மைக் பட்டன அமத்தவே கூடாது. அமெச்சூர் லைசென்ஸ் குடுக்கிறது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. சோதினை எழுதிப் பாஸானாத்தான் 4எஸ்7ல தொடங்குற மாதிரி ஒரு கோல்சைன் (ரேடியோவில உங்கட அடையாளப் பேர்) வரும். ரேடியோ வெளிநாட்டில இருந்து எடுப்பிக்கிறதுக்கும் அவங்கட அனுமதி வேணும், அத முதல்ல விசாரிச்சிப்போட்டுக் காசைக் கட்டுங்க.

வயர் எத்தின மீற்றர் வெட்டணும்? ஒருத்தர் 20 எண்டுறார், ஒருத்தர் 16 எண்டுறார், எது சரி?

ரெண்டு பேரும் சரிதான், ஆனா ரெண்டு வேற அன்ரெனாவப் பத்திச் சொல்றாங்க. 20 மீற்றர் எண்டுறது 40 மீற்றர் பேண்டுக்கு (அலை நீளம் 40 மீற்றர் அளவில வாற 7 மெகாஹேர்ட்ஸ் பக்கம்) அரை அலை நீளம், 49:1 பெட்டியோட போறது. 16 மீற்றர் எண்டுறது எந்த பேண்டுக்கும் அரை அலையா வராத மாதிரி வேணுமெண்டே தெரிஞ்செடுத்த நீளம், அது 9:1 பெட்டியோடயும் ட்யூனரோடயும் (ரேடியோவையும் அன்ரெனாவையும் பொருத்திக் குடுக்கிற கருவி) போறது. ட்யூனர் இல்லாட்டி 16ஐ மறந்திடுங்க. ஒருத்தர்ட நீளத்தையும் இன்னொருத்தர்ட பெட்டியையும் கலந்து கட்டிப்போட்டு வேலை செய்யுதில்ல எண்டு வந்தவங்கதான் கனபேர்.

அரை அலைக்குக் கணக்கு லேசு: 142.6ஐ மெகாஹேர்ட்ஸால பிரிங்க. 7.1க்கு 20.08 மீற்றர் வரும். பிளாஸ்டிக் உறை போட்ட வயர் இதவிடக் கொஞ்சம் கட்டையாத்தான் முடியும், ஆனா முதல்லயே கட்டையா வெட்டாதீங்க. 20.8 மீற்றர் வெட்டி ஏத்தி, அளந்து பாத்து, மிச்சத்த முனையில பின்னால மடிச்சி வயரோட வயரா இறுக்கிச் சுத்துங்க. மடிச்சா வெட்டின மாதிரித்தான், திரும்பத் தேவைப்பட்டா விரிக்கவும் ஏலும். 10 சென்ரிமீற்றர் குறைச்சா 40 மீற்றர் பேண்ட்ல வயர் இணங்குற இடம் (ரெசனன்ஸ்) கிட்டத்தட்ட 35 கிலோஹேர்ட்ஸ் மேல போகும், 20 மீற்றர் பேண்ட்ல அதிட ரெட்டிப்பு. நம்மட வலயத்தில 40 மீற்றர் பேண்ட் 7.0ல இருந்து 7.2 வரைக்கும்தான், அதால 7.1ல நிப்பாட்டினா ரெண்டு பக்கமும் சமாளிக்கும்.

ஒரே வயர்ல எத்தின பேண்ட் எடுக்கலாம்?

7.1க்கு வெட்டின வயர் 14, 21, 28 மெகாஹேர்ட்ஸ்லயும் (20, 15, 10 மீற்றர் பேண்டுகள்) வேலை செய்யும், ஏனெண்டா அதுகள்ல அது ரெண்டு, மூண்டு, நாலு அரை அலையா நிக்கும். 30, 17, 12 மீற்றர் பேண்டுகள் இந்தக் கணக்குக்குள்ள வராது, ட்யூனர் போட்டு இழுத்தாலும் பெட்டிக்குள்ள சூடாப் போறதுதான் கூட. 80 மீற்றர் வேணுமெண்டா வயர் 40 மீற்றர் நீளம் வேணும், அதுக்கு வயல் பக்கம் வீடிருக்கிறவங்க முயற்சி செய்யலாம்.

அந்த 49:1 பெட்டிய நாமளே சுத்தலாமா, இல்லாட்டி வாங்கணுமா?

சுத்தலாம், சுத்தணும் எண்டுதான் நான் சொல்லுவன். எஃப்டி240-43 எண்ட ஃபெரைட் வளையம் ஒண்டு, எனாமல் கம்பி, 100 பிக்கோஃபரட் ஹைவோல்டேஜ் கப்பாசிட்டர் ஒண்டு, கேபிள் பூட்டுற எஸ்ஓ-239 சொக்கெட் ஒண்டு, ஒரு பிளாஸ்டிக் பெட்டி, இவ்வளவுதான். ப்ரைமரி (ரேடியோப் பக்கம்) 2 சுத்து, செகண்டரி (வயர்ப் பக்கம்) மொத்தம் 14 சுத்து. 14ஐ 2ஆல பிரிச்சா 7, ஏழேழு 49. கப்பாசிட்டர் சொக்கெட்டுக்குக் குறுக்க வரும், 21லயும் 28லயும் எஸ்டபிள்யூஆர (பொருத்தம் எவ்வளவு எண்டு காட்டுற அளவு, 1 எண்டா சரியான பொருத்தம்) இறக்கி எடுக்கிறது அதுதான்.

சுத்து எண்ணுறதிலதான் பிழை விடுறாங்க. வளையத்துக்கு உள்ளால கம்பி ஒருக்காப் போனா அது ஒரு சுத்து, வெளியால வளைக்கிறத எண்ணக் கூடாது. வளையம் கீழ விழுந்தா பீங்கான் மாதிரி வெடிக்கும், மேசையில துணி விரிச்சி வைச்சிச் சுத்துங்க. முடிஞ்சதும் ஏத்திறதுக்கு முதல் வயர் போற முனையில 2400 ஓம்ஸ் அளவில ஒரு ரெசிஸ்டரப் போட்டு நானோவிஎன்ஏயால (அன்ரெனா அளக்கிற சின்னக் கருவி) பாருங்க. அங்க எஸ்டபிள்யூஆர் 1.5க்குள்ள வந்தா பெட்டி சரி, பொறகு வாற பிழை எல்லாம் வயர்ல எண்டு நிம்மதியாத் தேடலாம்.

டிஷ் கேபிள் மிச்சம் கிடக்குது, அதப் பாவிக்கலாமா?

பாவிக்கலாம். ஆர்ஜி-6 எண்டது 75 ஓம்ஸ், அந்த வித்தியாசம் பெரிசா ஒண்டும் செய்யாது. நட்டம் எண்டு பாத்தா மெல்லிய ஆர்ஜி-58ஐ விட நல்லம். 30 மீற்றர் ஆர்ஜி-58ஐ 28 மெகாஹேர்ட்ஸ்ல போட்டா பவர்ல பாதிக்குக் கிட்ட வழியிலேயே போயிரும். ஆனா டிஷ் கேபிள்ட பின்னல் அலுமினியம், ஈயம் ஒட்டாது, அதால அதுக்குரிய எஃப் கனெக்டரப் போட்டு அடப்டரால மாத்துங்க, சும்மா முறுக்கி டேப் சுத்தினா ஒரு மாரி கூடத் தாங்காது.

எங்கட வளவு சின்னது, நேரா 20 மீற்றர் இழுக்க இடமில்லயே?

நேரா இழுக்கணும் எண்டு சட்டம் ஒண்டும் இல்ல. வீட்டுச் சிலாப்ல இருந்து பிவிசி பைப்ல 6, 7 மீற்றர் நிமித்தி மேல ஏத்தி, அங்கால மிச்சத்த மரத்துக்கு இழுக்கலாம். மரம் ஒண்டு நடுவில இருந்தா அதில உச்சிய வச்சி ரெண்டு பக்கமும் சரிக்கலாம். கடைசி 2, 3 மீற்றரக் கீழ தொங்கவும் விடலாம். வளைவு 90 பாகைக்கு மேல விரிஞ்சிருந்தாக் காணும், திரும்பி வந்த வழியே வயர் போகக் கூடாது, அவ்வளவுதான்.

தொங்கவிடுற முனை ஆளுக்கு எட்டக் கூடாது. 100 வொட்ஸ்ல அந்த முனையில 500 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பிள்ளைகள் ஓடி விளையாடுற முத்தம் எண்டா இன்னும் உயர்த்திக் கட்டுங்க. மின்சார சபை லைனுக்கு மேலாலயோ கீழாலயோ எந்தக் காரணத்துக்கும் வயரக் கொண்டு போகாதீங்க. அறுந்து விழுந்தாலும் லைன்ல படாத தூரம் வேணும். இதில விட்டுக்குடுப்புக் கிடையாது.

தென்னையில கட்டலாமா? வேற மரமே இல்ல.

கட்டலாம், ஆனா தென்னைய விளங்கிக் கட்டணும். நான் முதல் வருசம் வயர மரத்தோட இறுக்கிக் கட்டினன். கச்சான் காத்து தொடங்கி மூண்டாம் நாள் பின்னேரம் ஒரு பழுத்த மட்டை கழண்டு வயருக்கு மேல விழுந்தது. மட்டை வயரோட சேந்து ஒருக்கா ஊஞ்சல் மாதிரி ஆடினது, பொறகு பெட்டிப் பக்கம் சொக்கெட்டோட பிச்சிக்கொண்டு போயிற்று. வயர் அறல்ல, பெட்டிதான் வெடிச்சது. அப்பதான் விளங்கினது, எது உடையணும் எண்டத நாமதான் முதலே தீர்மானிச்சி வைக்கணும் எண்டு.

இப்ப செய்யுறது இப்பிடி: மரத்தில, வட்டுக்கு ஒரு மீற்றர் கீழ, ஒரு சின்ன கப்பி. கப்பியால நைலோன் கயிறு, அதிட ஒரு முனை வயர் இன்சுலேட்டருக்கு, மற்ற முனையில மண் நிரப்பின ஒண்டரை லீற்றர் போத்தல். மரம் ஆடினா போத்தல் ஏறி இறங்கும், வயர் இறுகாது. இன்சுலேட்டருக்கும் கயிறுக்கும் இடையில ஒரு சாண் தங்கூசி, மீன்புடிக்கிற அதே தங்கூசிதான். மட்டை விழுந்தா முதல்ல அறுறது அது. வயர் கீழ கிடக்கும், புதுத் தங்கூசி கட்டித் திரும்ப இழுத்தா முடிஞ்சிது. இன்சுலேட்டர் எண்டு ஒண்டும் வாங்கத் தேவல்ல, பிவிசி பைப் துண்டில ரெண்டு ஓட்டை போட்டாக் காணும்.

மரத்தில ஏறுறதுக்குத் தேங்கா பறிக்க வாறவர்ட்டயே குடுங்க, பறிக்கிற அண்டைக்கே கப்பியையும் கட்டிருவார். வேம்பு, மா எண்டா ஈயக்குண்டு கட்டின தங்கூசிய கவண்ல எறிஞ்சி கொப்புக்கு மேலால எடுக்கலாம்.

கவுண்டர்பொய்ஸ் தேவையே இல்ல எண்டு வீடியோவில சொல்றாங்க, உண்மையா?

இல்ல. கவுண்டர்பொய்ஸ் எண்டா கரண்ட் திரும்பி வாறதுக்குப் பாதையாப் பெட்டியில கட்டுற துணை வயர். முனையில கரண்ட் குறைய எண்டு மேல சொன்னன், குறைய எண்டா பூச்சியம் எண்டு இல்ல. வயருக்குள்ள போற கரண்டுக்குச் சமமா ஒண்டு திரும்பி வரணும். நீங்க பாதை குடுக்காட்டி அது கேபிள்ட வெளித்தோலப் புடிச்சிக்கொண்டு உங்கட மேசைக்கு வரும். வீடியோவில வேலை செஞ்சதுக்குக் காரணம் கேபிளே கவுண்டர்பொய்ஸா இருந்ததுதான்.

செய்ய வேண்டியது ரெண்டு. பெட்டிட எர்த் பக்கத்தில 2 மீற்றர் வயர் ஒண்டு கட்டி விடுங்க, அது 40 மீற்றர் பேண்ட்ல அலை நீளத்தில இருபதில ஒரு பங்கு, காணும். பொறகு கேபிள் வீட்டுக்குள்ள வாற இடத்தில ஃபெரைட் வளையத்தில கேபிள 10, 12 சுத்துச் சுத்தி ஒரு சோக் (கேபிள்ட தோலால வாற கரண்டத் தடுக்கிற சுருள்) போடுங்க. கடக்கரை மணல்ல எர்த் கம்பி அடிச்சா இது தீரும் எண்டு நினைக்காதீங்க, காஞ்ச மணல் நல்ல எர்த் இல்ல.

மைக் உதட்டில பட்டாச் சுரீர் எண்டுது, பக்கத்து வீட்டு ஸ்பீக்கர்லயும் என்ட குரல் கேக்குதாம். என்ன செய்ய?

ரெண்டும் ஒரே வருத்தம், மேல சொன்ன சோக் இல்லாததுதான் கனக்க. முதல்ல சோக்கப் போட்டுப் பவர 25 வொட்ஸுக்கு இறக்கிப் பாருங்க. வயர் வீட்டுக்குக் கிட்டக் கூரையோட ஒட்டிப் போகுதா எண்டும் பாருங்க, பெட்டிய மதில் பக்கம் தள்ளி வைச்சாலே பாதிக் கரைச்சல் போயிரும்.

பக்கத்து வீட்டுக்காரர்ட்ட நேர போய்ச் சொல்லுங்க. நான் இத மிச்சம் கவனமாச் சொல்றன், ஏனெண்டா வயர் பிரச்சினைய விட அயலவர் பிரச்சினைதான் அன்ரெனாக்கள இறக்க வைக்கிறது. லைசென்ஸக் காட்டி, எப்ப பேசுவன் எண்டு சொல்லி, ஒரு ஃபெரைட் க்ளிப் கொண்டு போய் அவங்கட ஸ்பீக்கர் வயர்ல நீங்களே போட்டுக் குடுங்க. கோயில், பள்ளி ஒலிபெருக்கி கிட்ட இருக்கெண்டா திருவிழா நேரமும் தொழுகை நேரமும் பட்டன அமத்தாம இருக்கிறதுதான் மரியாதை.

எஸ்டபிள்யூஆர் 40லயும் 20லயும் நல்லம், 10ல மட்டும் 29.5ல போய் நிக்குது. ஏன்?

வயர் பிழை இல்ல. முனைகள் இருக்கிறதால வயரக் கணக்கான அரை அலையை விடக் கொஞ்சம் கட்டையா வெட்டுறம்; அந்தக் குறைப்பு வயர்ட ரெண்டு முனைக்கும் ஒருக்காத்தான், நாலு அரை அலைக்கும் நாலு தரம் வராது. அதால 28ல வயர் கட்டையாத் தெரியும், ரெசனன்ஸ் மேல ஓடும். வயர நீட்டினா 40 கெட்டுப்போகும். பெட்டியில இருந்து கிட்டத்தட்ட 2 மீற்றர்ல வயர வெட்டி, 4 சென்ரிமீற்றர் அகலப் பைப்ல 5, 6 சுத்து கொயில் போட்டுச் சேருங்க. அந்த இடத்தில 10 மீற்றர் பேண்டுக்குக் கரண்ட் கூட, அதால கொயில் வேலை செய்யும். 40க்கு அங்க கரண்ட் குறைய, கொயில் இருக்கிறதே தெரியாது.

எந்த நேரமும் எஸ்9 இரைச்சல், அன்ரெனா சரியில்லயா?

எஸ்9 எண்டா ரேடியோட சிக்னல் மீற்றர்ல நல்லா ஏறி நிக்கிற அளவு. ரேடியோவ 12 வோல்ட் பற்றரியில போட்டுட்டு வீட்டு மெயின் ஸ்விச்ச நிப்பாட்டுங்க. இரைச்சல் விழுந்தா அது உங்கட வீட்டுக்குள்ளதான். ஒவ்வொரு ப்ரேக்கராப் போட்டுக்கொண்டு வாங்க, எல்இடி பல்ப், போன் சார்ஜர், சோலார் இன்வேட்டர் எண்டு ஆள் புடிபடும். விழல்லயெண்டா வெளியால இருந்து வருது, வயர ரோட்டு லைனுக்கு நேர்குறுக்கா இழுத்துப் பாருங்க. கேபிள்ட தோலால இரைச்சல் உள்ள வாறதும் உண்டு, அதுக்கும் அதே சோக்தான்.

கொழும்புக் கதை எல்லாம் பெரிசாக் கேக்குது, ஜப்பான், ஐரோப்பா ஒண்டும் வருதில்லயே?

40 மீற்றர் பேண்ட்ல வயர் 7, 8 மீற்றர் உயரத்தில இருந்தா சிக்னல் கூடுதலா நேர மேலதான் போகும், மேல அயன மண்டலத்தில பட்டுத் திரும்பி, குடை விரிச்ச மாதிரி நாடு முழுக்க விழும். பகல்ல யாழ்ப்பாணம், கண்டி, கொழும்பு, அங்கால தமிழ்நாட்டு VU நிலையங்கள் (VU எண்டது இந்தியாக் கோல்சைன்ட தொடக்கம்), அவங்க தமிழ்ல கதைக்கிறதையும் கேக்கலாம். இது குறை இல்ல, அவசரத்துக்கு இதுதான் வேணும். தூரம் வேணுமெண்டா அதே வயர்ல 14, 21, 28க்கு மாறுங்க, அங்க அதே உயரம் அலைக்கு ரெட்டிப்பு, நாலு மடங்கு உயரமாத் தெரியும். 14.074ல எஃப்டி8ஐப் (கம்பியூட்டரால சின்னச் செய்தி அனுப்புற முறை) போட்டுப் பின்னேரத்தில ஒரு மணித்தியாலம் விட்டுப் பாருங்க, உங்கட வயர் எங்க கேக்குதெண்டு நீங்களே காண்பீங்க.

எஃப்டி8 போட்டா பெட்டி சூடாகுது, பாவிக்கலாமா?

வளையத்துக்குள்ள நட்டமாகிற பவர்தான் அந்தச் சூடு. குரலுக்கு 100 வொட்ஸ் தாங்கிற ஒரு வளையம் எஃப்டி8க்குத் தாங்காது, அது பாதி நேரம் முழுப் பவரோட நிக்கிறது. 25, 30 வொட்ஸோட விடுங்க, கூட வேணுமெண்டா ரெண்டு வளையத்த ஒண்டா அடுக்கிச் சுத்துங்க. தொட்டுப் பாக்கிறதெண்டா ரேடியோவ நிப்பாட்டிப்போட்டுத் தொடுங்க.

உப்புக் காத்துக்கு எத்தின நாள் தாங்கும்?

கடலுக்குக் கிட்ட வெறும் செப்புக் கம்பிய விட்டா கொஞ்ச நாள்ல பச்சை புடிக்கும். உறை போட்ட 1.5 சதுர மில்லிமீற்றர் பல இழை வயர்தான் நான் பாவிக்கிறன். பெட்டிட ஆணி எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பிஎல்-259 (கேபிள் முனைப் பிளக்) இணைப்புக்கு மேல இழுத்துச் சுத்துற ரப்பர் டேப், அதுக்கு மேல சாதாரண டேப். பெட்டிட அடியில ஒரு சின்ன ஓட்டை, வேர்க்கிற தண்ணி வடியட்டும். மாரி தொடங்க முதல் ஒருக்கா, முடிஞ்சாப் பொறகு ஒருக்கா இறக்கிப் பாருங்க. வயர்ட முனைய ஒரு அங்குலம் சீவிப் பாத்தா உள்ள செப்பு கறுத்திருக்கும், கறுப்பு ஏறின அளவுக்கு வெட்டி விடுங்க, இல்லாட்டி வயர மாத்துங்க.

இடி மின்னலுக்கு என்ன பாதுகாப்பு?

கேபிளக் கழட்டி யன்னலுக்கு வெளியால போடுறது. பின்னேரம் மேற்கால கறுக்குதெண்டா இடி கேக்கும் மட்டும் நிக்காதீங்க, இடிக்குள்ள ஓடிப்போய்க் கழட்டுறதுதான் ஆபத்து. நான் ரேடியோவ நிப்பாட்டினதும் ஒவ்வொரு நாளும் கழட்டுறன். எரெஸ்டர் (மின்னல எர்த்துக்குத் திருப்புற கருவி) போடலாம், அது பக்கத்தில விழுற மின்னலுக்கு உதவும், நேர விழுறதுக்கு ஒண்டும் நிக்காது.

புயல் வருதெண்டா அன்ரெனாவ விடுறதா, இறக்குறதா?

இறக்குங்க. கப்பியும் போத்தலுமா கட்டச் சொன்னது இதுக்கும்தான், ஒரு ஆள் கீழ நிண்டு பத்து நிமிசத்தில இறக்கணும். காத்து முடிஞ்சாப் பொறகுதான் அன்ரெனா தேவைப்படும். 1978 நவம்பர் 23 ராத்திரி அடிச்ச சூறாவளிய நம்மட வீடுகள்ல இப்பவும் சொல்லுவாங்க, விடிஞ்சி பாத்தா நிண்ட தென்னை குறைவு. 2004 சுனாமியில அம்பாந்தோட்டைப் பக்கம் போன் லைன் எல்லாம் செத்த நேரம் நம்மட நாட்டு அமெச்சூர் ரேடியோக்காரர்தான் எச்எஃப்ல (சிற்றலையில) கொழும்போட தொடர்பு எடுத்துக் குடுத்தவங்க. நம்மட கரையிலயும் அப்பிடி ஒரு நாலு பேர் இருக்கணும் எண்டதுதான் என்ட ஆசை, இவ்வளவத்தையும் எழுதுறதும் அதுக்குத்தான்.

அதால மரம் இல்லாமலும் கட்டத் தெரியணும். ஒரு பையில இன்னொரு 20 மீற்றர் வயர் பலகைத் துண்டில சுத்தினபடி, ரெண்டாவது 49:1 பெட்டி, 10 மீற்றர் கேபிள் சோக்கோட, தங்கூசி, ஈயக்குண்டு, நீட்டுற தூண்டில் தடி, 12 வோல்ட் பற்றரி. தடிய மதிலோட கட்டி நிமித்தி, வயர அதிட நுனியில கொழுவி, மற்றப் பக்கம் கிடைக்கிற எதிலயும் சரிச்சிக் கட்டினா 40ல நாட்டுக்குள்ள கதைக்கலாம். வருசத்தில ரெண்டு தரம் அந்தப் பைய எடுத்து முத்தத்தில விரிச்சி நேரம் புடிச்சிப் பாக்கிறன், போன தரம் முதல் கோல் போக 22 நிமிசம் எடுத்தது.